வேலிமேல் உட்கார்ந்து கேட்டவள்

ஃபோனை அணைத்த பிறகும் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

கேலீன் ஃபோனைக் காதருகே வைத்துப் பார்த்தாள். திரையில் வெளிச்சமே இல்லை. ஆனால் குட்டையான மரக்கால்கள்மேல் நின்ற அந்த வீட்டுக்கு அடியிலிருந்து, டாஸ்மேனியாவின் ஓயாத குளிர்கால மழைக்கு ஊடே, மெல்லிசாக, பசியோடு, அதே மூன்று குரல்கள். மூன்று குட்டிகளும் காலையிலேயே மூன்று வீடுகளுக்குப் போய்விட்டன. அவளேதான் துண்டில் சுற்றி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள்.

காட்டுப்பூனைக் குட்டிகளைப் பழக்கி வீடுகளுக்குக் கொடுப்பதை ஒன்பது வருடமாகச் செய்கிறாள். தாயைப் பிடித்த பிறகுதான் குட்டிகளை அனுப்ப வேண்டும். இந்த முறை அவசரப்பட்டுவிட்டாள், பாவி. குட்டிகளின் அழுகையை ஃபோனில் பதிவுசெய்து, பொறிக்கூண்டுக்குள் மத்தி மீனோடு வைத்தால் எந்தத் தாயும் ஓடிவரும். இந்தத் தாய் மட்டும் மூன்று நாளாக வேலிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"உன் கச்சேரி அதுகிட்ட எடுபடல, கேலீன்," என்று பக்கத்து வீட்டு மெர்வ் வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தார். "அது கூண்டைப் பாக்கவே இல்ல. உம் பொண்ணு பேசறப்பல்லாம் காதைத் திருப்பிக் கேக்குது."

"சும்மா இருங்க மெர்வ்."

"புள்ளைங்கள பறிச்சிட்ட. பின்ன என்ன, கேக் சுட்டுக் குடுக்குமா?" என்றபடி டீ போட உள்ளே போனார்.

மணி நாலரைதான். அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு வயது மகள் மேஸி உள்ளே சோபாவில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டே கூண்டைத் தூக்கினாள். குட்டிகளின் சத்தம் சட்டென்று நின்றது.

"அம்மா."

வீட்டுக்கு அடியிலிருந்து.

"அம்மா, இங்க இருட்டா இருக்கு." கடைசியில் ஒரு மூக்குறிஞ்சல்.

கூண்டு கைநழுவி விழுந்தது. ஐயோ, இவள் எப்போது வெளியே வந்தாள்? சேற்றில் மண்டியிட்டு, அடித்தளத்துச் சிறு கதவைத் திறந்து, தவழ்ந்து உள்ளே போனாள். ஈர மண்ணும் மூத்திரமும் பழைய பாலும் கலந்த நாற்றம். ஒட்டடை முகத்தில் அப்பியது. தரைப்பலகைகள் முதுகில் உரசின.

"மேஸி! அங்கயே இருடி செல்லம், அம்மா வந்துட்டேன்."

"அம்மா, இங்க இருட்டா இருக்கு." மூக்குறிஞ்சல்.

இன்னும் தள்ளி. கடைசி மூலையில்.

"அம்மா, இங்க இருட்டா இருக்கு."

அதே இழுப்பு. அதே இடைவெளி. அதே மூக்குறிஞ்சல், அதே நீளத்துக்கு.

கேலீனின் கை அந்தரத்தில் நின்றது. இது மேஸி இல்லை. மேஸி எப்போதோ பேசியதை வேறேதோ திருப்பிச் சொல்கிறது.

மூலையிலிருந்த இடுக்கு வழியாக ஏதோ வெளியே நழுவியது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

தலைக்கு மேலே சோபா கிறீச்சிட்டது. சின்னப் பாதங்கள் தொப்பென்று தரையில் இறங்கின.

"அம்மா? எங்க இருக்க?" தூக்கக் கலக்கத்தோடு மேஸி.

கேலீன் வாயைத் திறப்பதற்குள் வீட்டின் பின்கதவருகிலிருந்து பதில் வந்தது. அவளுடைய குரலிலேயே.

"அங்கயே இருடி செல்லம், அம்மா வந்துட்டேன்."

"மேஸி! போகாதே! அது அம்மா இல்ல!" பலகையைக் குத்தினாள். விரல்முட்டிகள் கிழிந்தன. மழை தகரக்கூரையில் கொட்டியது.

தரைப்பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். மேஸியின் மஞ்சள் காலுறைகள் பின்கதவை நோக்கி நடந்தன. அவற்றை உரசியபடி, ஈரம் சொட்டும் நான்கு கால்கள்.