ஏழாவது சேவகன்

எழுபத்தொன்பதாம் ஆண்டு. ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் பாஸ்கா நாடகம். இயேசுவின் பாடுகளை மேடை போட்டு நடிப்போம். அவரைப் பிடிக்க வரும் ரோமைச் சேவகர்கள் ஆறு பேர். நானும் ஒருவன். ஆறு பேரையும் ஒன்றாகத் தராசில் ஏற்றினாலும் ஒரு மூட்டை நெல்லுக்கு ஈடாக மாட்டோம். அட்டையில் கவசம், அதன்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.

லீலா மேரி எங்கள் வகுப்பு. இளம்பிள்ளை வாதத்தால் அவளுக்கு இடது கால் சூம்பியிருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் இரும்புக் கம்பி, தோல் பட்டை, கனத்த பூட்ஸ் எல்லாம் சேர்த்து அந்தக் காலுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். இயேசு தொடங்கி, கூவுகிற சேவல் வரை எல்லார் வசனமும் அவளுக்கு மனப்பாடம்.

“சார், நானும் சேவகனா வரேன்.”

நாடகம் சொல்லிக்கொடுத்த அருளானந்தம் சார் பரிதாபமாகப் பார்த்தார். “சேவகன்னா விறைப்பா நடக்கணும்மா. நீ திரைக்குப் பின்னாடி உக்காந்து வசனம் எடுத்துக்கொடு.”

“வசனம் மறக்கிறவங்க முன்னாடி, தெரிஞ்சவ பின்னாடியா சார்?”

சார் காதில் விழாதது போல நகர்ந்துவிட்டார்.

ஒத்திகை தொடங்கியது. எண்ணெய்ப் பீப்பாய்கள்மேல் பலகை பரப்பிய மேடை. நாங்கள் வெறுங்காலோடு ஏறினோம்.

“இயேசுவைப் பிடிக்க வர்றீங்களா, அடுப்படியில பால் குடிக்க வர்றீங்களாடா? பூனை மாதிரி வர்றீங்க,” என்று கத்தினார் சார்.

பதின்மூன்று முறை ஏறினோம். பதின்மூன்று முறையும் பூனைதான்.

பதினான்காவது முறை எங்களுக்கு முன்னால் லீலா மேரி ஏறினாள். யாரையும் கேட்கவில்லை.

டங். டங். டங்.

பலகை அதிர்ந்தது. பீப்பாய் உறுமியது. கோயில் புறாக்கள் கொள்ளிடம் தாண்டித்தான் இறங்கின. இயேசுவாக நடித்த டெய்லர் சவரிமுத்து அண்ணன் தாமாகவே இரண்டடி பின்வாங்கினார்.

“இதான் வேணும்,” என்றார் சார். “லீலா, நீ திரைக்குப் பின்னாடி இப்படியே நட. பசங்க முன்னாடி வரட்டும்.”

அவள் மேடையிலேயே உட்கார்ந்தாள். பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரும்பை என் கையில் திணித்தாள்.

“இந்தாடா. மாட்டிக்கிட்டு நீயே நட.”

மாட்டினேன். மூன்றாவது அடியில் மேடைக்குக் கீழே கிடந்தேன். மற்ற ஐந்து வீரர்களும் வரிசையாக மாட்டி, வரிசையாக விழுந்தார்கள்.

“சத்தம் வேணும்னா நான் முன்னாடி வருவேன்,” என்றாள் லீலா மேரி. “கால் மட்டும் தனியா வராது சார்.”

சார் தரையில் கிடந்த எங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “ஏழாவது கவசத்துக்கு அட்டை வெட்டுங்கடா,” என்றார்.

பெரிய வெள்ளி மாலை. முதல் ஆளாக அவள் மேடையேறினாள். டங். டங். டங். அழுத கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது.

“யாரைத் தேடுகிறீர்கள்?” என்றார் இயேசு.

“நாசரேத்து இயேசுவை,” என்றாள்.

“நான்தான் அவர்.”

இதைக் கேட்டதும் சேவகர்கள் எல்லாரும் பின்புறமாய் விழ வேண்டும். நாடகத்தில் அப்படித்தான். நாங்கள் ஆறு பேரும் தொப்பென்று விழுந்தோம்.

லீலா மேரி மட்டும் நின்றாள்.

“விழும்மா,” என்று திரைக்குப் பின்னாலிருந்து சார் கிசுகிசுத்தார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எழுந்து நிக்கவே எனக்கு ஏழு வருஷம் ஆச்சு சார். விழ மாட்டேன்.”

கடைசி வரிசைக்கும் கேட்டது. எல்லாரும் இயேசுவின் முகத்தைப் பார்த்தார்கள். சவரிமுத்து அண்ணன் ஒட்டுத்தாடிக்குள் சிரித்தார்.

“சரிம்மா,” என்று இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினார். “நீயே வந்து கட்டு.”