பாலக்கரைக்குப் போகாத விலைச் செய்தி

"பக்ரீத்துக்குப் பிரியாணி அரிசி விலையை எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பினோம். பாலக்கரையில மெஹ்ரீன் அம்மா கடையைத் தவிர, ஒரு பாய் கடைக்கும் போகலை. மத்த யாருமே பட்டியல்லேயே இல்லை. பட்டியல் இவ கையிலதான் இருக்கு. கேட்ட பாய்ங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

திருச்சி அரிசி மொத்த வியாபாரி பீமராவ் இப்படிச் சொல்லிக் கையை நீட்டியபோது, அவர் கடைக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தேவதர்ஷினி எழுந்து நின்றுவிட்டாள். வேலை போனால் போகட்டும். மதம் பார்த்து வெட்டினவள் என்று பேர் வந்துவிட்டால் இந்த ஊரில் எந்தக் கடைப்படி ஏறுவது? பாலக்கரைக் கடைக்காரர்கள் சார்பில் வந்திருந்த அப்துல் சுக்கூர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ரெங்கம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளன் அற்புதசாமிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"பேரைப் பார்த்து நீக்கியிருக்காங்க மேடம். கேஸ் முடிஞ்சுது."

"மெஹ்ரீன் பேரு மட்டும் கண்ணுல படலையாக்கும்?" என்றவர் தேவதர்ஷினியிடம் திரும்பினார். "நம்பரையெல்லாம் யாரும்மா சரிபார்க்கறது?"

"சாஃப்ட்வேர்தாங்க. வாரம் ஒருதரம் எல்லாருக்கும் தானா போன் போடும். தொடர்ந்து மூணு வாரம் எடுக்கலைன்னா செத்த நம்பர்னு தூக்கிடும். ஆனா இத்தனை பேரும் எப்படி எடுக்காம இருப்பாங்கன்னு சார் கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலைங்க."

"எப்போ போன் போடும்?"

பீமராவ் முந்திக்கொண்டார். "அந்த நேரத்தை நான்தான் வச்சேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒண்ணேகால். அப்போ கடையில ஈ, காக்கா இருக்காது."

"பாய், அந்நேரம் உங்க போன் எங்க இருக்கும்?" என்று அப்துல் சுக்கூரைக் கேட்டார் ரெங்கம்மாள்.

"ஜும்ஆ தொழுகையில இருப்போம். பள்ளிவாசல்ல ஆஃப் பண்ணிடுவோம்." சொல்லும்போதே அப்துல் சுக்கூருக்கு விளங்கிவிட்டது. "மெஹ்ரீன் வீட்டுலயே தொழுவுறாங்க. அவங்க போன் ஆன்லதான் இருக்கும், எடுத்திருப்பாங்க."

"அதனால அவங்க தப்பிச்சாங்க," என்றார் ரெங்கம்மாள். "கடை ஏன் காலியா இருக்குன்னு ராவ் சார் யோசிக்கவே இல்லை. வாங்க வர்றவங்க தொழப் போன நேரமாப் பார்த்து, அவங்க உயிரோட இருக்காங்களான்னு கேட்டிருக்காரு."

அற்புதசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். பீமராவ் முகத்தில் ஈயாடவில்லை. "நேரத்தை மாத்திடும்மா. அப்படியே ஒவ்வொரு பாய்க்கும் போன் போட்டு, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிடு."

தேவதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேரத்தை மாத்துறேன் சார். போனை நீங்க போடுங்க. நான்தான் வெட்டினேன்னு அவங்க எல்லார்கிட்டயும் சொன்னது நீங்கதானே."

அப்துல் சுக்கூர் தம் போனை எடுத்து பீமராவ் கையில் வைத்தார். "நம்பரெல்லாம் இதுல இருக்கு, ராவ்ஜி."