இடது பின்பக்கம்

சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்று தடவை அடித்துவிட்டான். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காரைத் தாங்கப் புதிதாக மாட்டிய காற்றுப் பை, குழாய், வால்வு என்று ஒவ்வோர் இணைப்பிலும் காதை வைத்துக் கேட்டாயிற்று. காற்று கசியும் அந்த மெல்லிய சீறல் எங்கேயும் இல்லை. ஆனாலும் காரின் இடது பின்பக்கம் மட்டும், யாரோ சாவகாசமாக உட்கார்ந்திருப்பதுபோல இறங்கியே நின்றது.

அக்காவின் கார். நான்கு மாதம் முன்பு ஒரு வளைவில் சாய்ந்து சுவரில் மோதியது. பின்சீட்டின் இடது மூலையில் தூங்கிக்கொண்டிருந்த மாமா அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "நான் முதலாளி, உங்க அக்கா டிரைவர்" என்று சொல்லிச் சொல்லியே அந்த மூலையைப் பிடித்துக்கொள்வார். பெல்ட்டும் போடமாட்டார்.

அதற்கு முந்தின வாரம்தான், எச்சரிக்கை விளக்கு எரிகிறதென்று அக்கா காரை இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். பின்பக்கக் காற்றுப் பையின் ரப்பரில் விரிசல். அவன் பார்த்தான். பார்த்தும், சாப்பாட்டு நேரமாயிற்றே என்று காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பிழைப் பதிவை மட்டும் அழித்தான். விளக்கு அணைந்தது. "ஒண்ணும் இல்லக்கா, தைரியமா ஓட்டு." விபத்துக்குப் பிறகு, மோதலில் கிழிந்ததென்று எல்லோரும் நம்பிய அந்தப் பையை அவனே கழற்றி எறிந்தான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா? கண்ணாடியில்கூட அவனால் தன் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, ஸ்கேனரை மடியில் வைத்தான். நான்கு மூலைகளின் உயரமும் திரையில் வந்தது. மூன்று சரி. இடது பின்பக்கம் முப்பது மில்லிமீட்டர் கீழே. ஓர் ஆள் எடை. பின்சீட்டின் தோல் மெல்ல முனகியது. மாமா பூசும் ஷேவிங் லோஷனின் வாசனை, பட்டறையின் கிரீஸ் நாற்றத்தையும் மீறிக் கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் திரும்பவில்லை.

போன் அடித்தது. அக்கா.

"தம்பி, வண்டிய விக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. அன்னைக்கு வண்டில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா? இல்ல, நான்தான் அவரக் கொன்னுட்டேனா?"

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை.

"வண்டில ஒண்ணும் இல்லக்கா."

அக்கா அழ ஆரம்பித்தாள். உடம்பெல்லாம் கூசிப்போய் அவன் தலையைக் குனிந்தான். மடியில் திரை.

இடது பின்பக்கம் ஏறியது.

முப்பது. பதினைந்து. பூஜ்யம்.

எந்தக் கதவும் திறக்கவில்லை. கார் ஒருமுறை ஆடியது. இடது முன்பக்கம் இறங்கியது. பத்து. இருபது. முப்பது.

லோஷன் வாசனை. இப்போது பக்கத்தில்.

டிங். டிங். டிங்.

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. "பக்கத்துல யாருடா உக்காந்திருக்கா? அந்த சீட்டு ஆள் பெல்ட் போடலைன்னாதானே இந்த மணி அடிக்கும்?"



பக்கத்து இருக்கையின் பெல்ட் தானாக இழுபட்டது. மெதுவாக. வெற்றிடத்தின் மேல் வளைந்து வந்தது. கிளிக்.

மணி நின்றது.

"தம்பி? டேய், பேசுடா!"

யாருமில்லாத இருக்கையில், அந்தப் பெல்ட் மூச்சு விடுவதுபோலச் சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.