அமைதிக்கு எண்பத்தெட்டு டெசிபல்

அந்த வியாழக்கிழமை காலையில் மீட்டர்காரர் வீட்டுக்கு வந்தவர் கதவைத் தட்டவில்லை, நகத்தால் சுரண்டினார். எலி என்று நினைத்துத் துடைப்பமும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்த மாப்பிள்ளை, ஓங்கிய துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வாசலில் நகராட்சி எழுத்தர் நின்றிருந்தார். கக்கத்தில் ஒரு சுருட்டிய காகிதம், கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம்.

"சார் இருக்காரா?" என்று கிசுகிசுத்தார்.

"தொண்டை சரியில்லையா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"உஷ்!" என்றார் எழுத்தர், உதட்டில் விரலை வைத்து.

உள்ளே இருந்த பெரியவருக்கு ஊரில் மீட்டர்காரர் என்றுதான் பெயர். மின்வாரியத்தில் முப்பது வருடம் மீட்டர் சோதித்தவர். எந்த வீட்டுக் கூரைக்கு மேல் எந்தக் கம்பி திருட்டுத்தனமாகப் போகிறது என்பதை மீட்டரின் ஓட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் ஏதாவது தப்புத்தண்டா என்றால் இவரிடம்தான் வருவார்கள். அவருடைய மாப்பிள்ளைக்குத் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை. மாமனாரிடம் யாராவது முகம் வாடி வந்து நின்றால் போதும், அவர் கடையைப் பூட்டிவிடுவார். 'கொலைகாரனைக் கண்டுபிடிச்சு யார் சாப்பாடு போடப் போறாங்க?' என்பது அவர் மனைவியின் நிரந்தரக் கேள்வி. இதுவரை ஊரில் கொலை எதுவும் நடக்கவில்லை என்பது மாப்பிள்ளையின் நிரந்தரக் குறை.

எழுத்தர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார்.

"ஷேல் எரிவாயு எடுக்கப் பாறையில துளை போட கம்பெனி வருதில்ல சார், அதுக்கு நகராட்சி சார்புல எல்லா முன்னேற்பாடும் நான்தான் செஞ்சேன். லாரி ஓடி ரோடு உடைஞ்சா கேக்கணும்னு இப்ப இருக்கிற ஒவ்வொரு விரிசலையும் படம் பிடிச்சேன். தண்ணி கெட்டா காட்டணும்னு எல்லாக் கிணத்துத் தண்ணியையும் பாட்டில்ல அடைச்சு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். கடைசியா பாக்கி இருந்தது சத்தம்."

"சத்தத்தை எந்தப் பாட்டில்ல அடைச்சீங்க?" என்றார் மாப்பிள்ளை.

எழுத்தர் சிரிக்கவில்லை. "துளை போடுற இடத்துக்குப் பக்கத்துத் தெருவுல மூணு நாள் சத்தம் அளக்குற கருவி வெச்சோம். பதிவாகிற உச்ச சத்தங்களோட சராசரி எவ்வளவோ, அதுக்கு மேல அஞ்சு டெசிபல் வரைக்கும் கம்பெனி சத்தம் போடலாம். அதான் ஒப்பந்தம். ஊரு அமைதின்னு பதிவானா கம்பெனியும் அடக்கி வாசிச்சாகணும்."

ஆகவே ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. யாரும் மிக்சி போடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரு தம்பதி சண்டையைக் கூடக் காகிதத்தில் எழுதிப் போட்டார்களாம். எழுதியதால் ஆதாரம் மிஞ்சி, அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

"குண்டூசி விழுந்தா கேட்கும் சார். ஆனா பதிவு என்ன சொல்லுது தெரியுமா? எண்பத்தெட்டு! அப்ப கம்பெனிக்குத் தொண்ணூத்து மூணு வரைக்கும் அனுமதி. லாரியைப் படுக்கையறையில ஓட்டுற மாதிரி. துளை போடுற இடம் எங்க வீட்டுலேருந்து இருநூறு மீட்டர். மாசக்கணக்கா ராப்பகல் ஓடும். என் மனைவிக்கு இது நிறைமாசம்." அவர் குரல் உடைந்தது. "பிறக்கிற குழந்தை ஒரு நாளாவது நிம்மதியா தூங்க வேண்டாமா? இன்னிக்கு நாலு மணிக்குக் கூட்டம். கையெழுத்துப் போட்டா போட்டதுதான். எவனோ துரோகி வேலை செஞ்சிருக்கான்."

மாப்பிள்ளைக்கு மனம் இளகிவிட்டது. காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தார். டம்ளர் மேசையில் 'டக்' என்றது.

"உஷ்ஷ்!" என்றார் எழுத்தர். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மன்னிக்கணும். நரம்புத் தளர்ச்சி."

மீட்டர்காரர் காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். முழுக்க முள் முள்ளாகக் கோடுகள். "ஒவ்வொரு முள்ளும் ரெண்டு வினாடிதான் இருக்கு. ராத்திரியில ஒண்ணுகூட இல்ல. ஞாயித்துக்கிழமை கொஞ்சம். திங்களும் செவ்வாயும் காலை எட்டரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் கொத்துக் கொத்தா இருக்கு."

"பள்ளிக்கூடம் தொடங்குற, விடுற நேரம். ஆனா பிள்ளைங்க சத்தமே போடல சார், சத்தியம்."

"கருவிக்குக் காவல் யாரு?"

"நான்தான். லீவு போட்டு, காலையிலேருந்து ராத்திரி ஆகிற வரைக்கும். மதியம் ஒண்ணுலேருந்து ஒன்றரை வரைக்கும் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அந்த அரை மணியிலதான் சார் எவனோ..."

"அந்த அரை மணியில மூணு நாளும் வெறும் நேர்கோடு" என்றார் மீட்டர்காரர். பிறகு தன் காபியை எடுத்துக் குடித்தார். மாப்பிள்ளைக்கு எரிச்சலாக இருந்தது. மாமாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டால் இப்படித்தான், காபி ருசிக்க ஆரம்பித்துவிடும்.

பத்து மணிக்கு மூவரும் அந்தத் தெருவில் இருந்தார்கள். நூலகத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு கம்பம். அதில் கருவி இன்னும் இருந்தது. நகராட்சி, கம்பெனி இரண்டின் முத்திரையும் உடையாமல் இருந்தன. பஞ்சு உருண்டை ஒன்று ஒலிவாங்கிக்குத் தொப்பி போட்டதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார் மாப்பிள்ளை. "கம்பெனிக்காரன் மரத்துல ஒலிபெருக்கி ஒளிச்சு வெச்சிருக்கான்."

சொன்ன சூட்டோடு பக்கத்து மரத்தில் ஏறினார். மேலே ஒரு காக்கைக் கூடும், அதன் சொந்தக்காரியும் இருந்தார்கள். இறங்கும்போது கிளை முறிந்தது, கூடவே கால்சட்டையும் கிழிந்தது.

"உஷ்ஷ்!" என்றார் எழுத்தர் கீழேயிருந்து.

எதிர்ப்பட்டறைத் தச்சர் வெளியே வந்தார். இரண்டு ஆள் பருமன். ஊரில் சத்தம் என்றால் முதலில் அவர் ரம்பத்தைத்தான் சொல்வார்கள்; அந்தக் கோபம் முகத்திலேயே இருந்தது.

"என்னைச் சந்தேகப்படாதீங்க. மூணு நாளா ரம்பத்தைத் தொடல. உப்புத்தாளைக் கையால தேய்ச்சேன், பூனை நக்குற மாதிரி. அதுக்கே இந்த மனுஷன்..."

"உஷ்! ஏன் கத்துறீங்க?" என்றார் எழுத்தர். தச்சர் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாப்பிள்ளை கிழிசலைக் கையால் மறைத்தபடி தச்சரைச் சந்தேகப் பட்டியலில் இரண்டாவதாகச் சேர்த்தார். மீட்டர்காரரோ குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரமண்ணில் ஸ்டூலின் நான்கு கால்கள் பதிந்த குழிகள், கம்பத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

"இங்கதான் உட்கார்ந்திருந்தீங்களா?"

"கருவியிலேருந்து கையை எடுக்கல சார். கட்டிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."

நூலகத்திலிருந்து ஸ்டூல் வந்தது. எழுத்தர் அதே குழிகளில் அதைப் போட்டு உட்கார்ந்தார். பஞ்சு உருண்டை அவர் மோவாய்க்கு நேராக இருந்தது. மீட்டர்காரர் தலையாட்டிவிட்டு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டார். மாப்பிள்ளையின் கடையில் எடுத்த ஜெராக்ஸில் ஏழாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார். வார்த்தைக்கு வார்த்தை" என்றார் எழுத்தர், அந்தத் துக்கத்திலும் கொஞ்சம் பெருமையாக.

எழுத்தர் போனதும் மாப்பிள்ளை மாமனாரைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனிக்காரனா, தச்சரா? ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா."

"கூட்டத்துல நான் கண்ணாடியைத் துடைப்பேன். அப்ப உங்க கடைச் சாவிக்கொத்தைக் கீழே போடுங்க மாப்பிள்ளை. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். மரம் ஏற வேண்டாம்."

நான்கு மணிக்கு நகராட்சிக் கூடத்தில் நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவி. அவருக்கு வலப்புறம் கம்பெனிக்காரர், மடிப்புக் கலையாத சட்டை, திறந்து வைத்த பேனா. இடப்புறம் குறிப்பெடுக்க எழுத்தர். மூலையில் தச்சர், வராவிட்டால் பழி தன் தலையில்தான் விழும் என்று வந்திருந்தார்.

"மறுபடி அளக்கிற பேச்சே இல்லீங்க" என்றார் கம்பெனிக்காரர். "முத்திரை அப்படியே இருக்கு. எண்பத்தெட்டுன்னா எண்பத்தெட்டுதான்."

"ரொம்பச் சரி" என்றார் மீட்டர்காரர். "மீட்டர் பொய் சொல்லாது. அதே கருவியை இங்கே வெச்சா ஆட்சேபணை இல்லையே?"

இரண்டு தரப்பும் பார்க்க முத்திரையை உடைத்துக் கொண்டுவந்த கருவியை, எழுத்தர் முன்னால், அவர் குறிப்பேட்டை ஒட்டி வைத்தார்கள். எண் பலகை ஐம்பதைச் சுற்றி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மீட்டர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாப்பிள்ளை சாவிக்கொத்தைப் போட்டார். எண் அறுபத்தொன்பதுக்கு ஏறியது.

"உஷ்ஷ்ஷ்ஷ்!" என்றார் எழுத்தர்.

எண் எண்பத்தெட்டில் போய் நின்றது.

எழுத்தர் எண்ணைப் பார்த்தார், பஞ்சு உருண்டையைப் பார்த்தார். உதட்டில் இருந்த விரல் அப்படியே நின்றது.

"தூரத்து இடியை விடக் காதுகிட்ட கொசு பெரிசு" என்றார் மீட்டர்காரர். "முள் ஒவ்வொண்ணும் ரெண்டு வினாடி. ரம்பம்னா நிமிஷக்கணக்கா இழுக்கும், அதனால தச்சர் இல்ல. மிஷின் வெச்சிருந்தா அது ஞாயிறு, திங்கள்னு பார்க்காது. ஆனா இங்க ஆளு நடமாட்டம் ஜாஸ்தின்னா முள்ளும் ஜாஸ்தி. பிள்ளைங்க செருப்பில்லாமதான் போனாங்க. இருந்தாலும் ஒருத்தர் பயந்து பயந்து ஒவ்வொரு பிள்ளையையும் அடக்கியிருக்கார். அவர் சாப்பிடப் போன அரை மணியிலதான் தெரு நெஜமாவே அமைதியா இருந்திருக்கு."

"அதைத்தான் காலையில சொல்ல வந்தேன்!" என்று தச்சர் எழுந்தார். "உப்புத்தாளுக்கே முந்நூறு தடவை உஷ்ஷு! விட்டாரா சொல்ல?"

"வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே" என்று தலைவி நெற்றியில் கை வைத்தார்.

கம்பெனிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் பேனாவை மூடவில்லை. "யார் போட்ட சத்தமா இருந்தா என்ன? ஊர்க்காரர்தானே? கணக்குல சேரும்."

"ஏழாம் பக்கம்" என்றார் மீட்டர்காரர். "மாப்பிள்ளை, படிங்க."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். இந்த நிமிடத்துக்காகத்தான் அவர் இத்தனை வருடம் கடையைப் பூட்டியது. "அளவெடுக்கும் காலத்தில் கருவியிலிருந்து பத்து அடிக்குள் எவரும் இருத்தல் கூடாது. இருப்பின் அந்த அளவு செல்லாது."

"இதை எழுதினதும் நான்தானே" என்றார் எழுத்தர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன். துரோகி துரோகின்னு திட்டினேனே, கடைசியில என் குழந்தை தூக்கத்தை நானே..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த தச்சர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

மீட்டர்காரர் அவர் தோளில் கை வைத்தார். "பாசம் அதிகமானா பத்தடி தூரம் கண்ணுக்குத் தெரியாது தம்பி. ஒண்ணும் கெட்டுப் போகல."

கம்பெனிக்காரர் ஏழாம் பக்கத்தைத் தானும் ஒரு முறை படித்தார். பிறகு பேனாவை மூடினார். "சரி, மறுபடி அளக்கலாம். ரெண்டு நிபந்தனை. இந்தத் தடவை ஊரு வழக்கம்போல இருக்கணும். இவர் அந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது."

"ரெண்டாவதுக்கு நாங்க பொறுப்பு" என்று தலைவியும் தச்சரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எழுத்தரைத் தடுக்க யாரும் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது அளவின் மூன்றாம் நாள் அதிகாலையில் மனைவிக்கு வலி எடுத்து, அவர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஓடினார், பின்னால் மீட்டர்காரர் நிதானமாக வந்தார். மிக்சி, ரம்பம், வாய்ச்சண்டை எல்லாம் சேர்ந்தும் ஐம்பத்தைந்துதான். அறுபதுக்குள் அடங்க வேண்டுமென்றால் கம்பெனி துளைக்கருவியைச் சுற்றி ஒலித்தடுப்புச் சுவர் எழுப்பியாக வேண்டும். அதற்குக் கையெழுத்தும் போட்டாயிற்று.

எழுத்தர் காகிதத்தைப் படித்தார், மறுபடி படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, மனைவியின் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்த ஒரு நாள் வயதுப் பெண், முகம் சிவக்க வீறிட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாப்பிள்ளை அரை அடி பின்வாங்கினார்.

எழுத்தரின் விரல் தானாக உதட்டுக்குப் போனது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் மெதுவாக விரலை இறக்கி, அதைக் குழந்தையின் கைக்குள் கொடுத்தார்.

"நல்லா அழும்மா" என்றார். "கருவியைக் கழட்டியாச்சு."