முனிசா கடித்த ரொட்டி

ரொட்டியைப் பிய்த்து நீட்டிய கைக்குத்தான் முனிசா முதலில் நன்றி சொன்னாள். கைக்குச் சொந்தக்காரனை நிமிர்ந்து பார்த்தது அப்புறம்தான்...

பார்த்தவள், வாயிலிருந்த ரொட்டியை மெல்லவே மறந்துபோனாள்.

அப்படியொன்றும் மன்மதன் இல்லை. காது இரண்டும் கொஞ்சம் பெரிசு. ஆனால் அந்தக் கண்கள்... அப்போதுதான் தூங்கி எழுந்தது போல, யாரையும் குற்றம் சொல்லத் தெரியாத கண்கள்.

"சாப்பிடுங்க. சமர்கந்து ரொட்டி... சூடு ஆறினாலும் ருசி ஆறாது" என்றான், எதிர் இருக்கையிலிருந்து.

தாஷ்கந்து ரயில் வேகம் பிடித்திருந்தது. ஜன்னலில் வசந்த கால மழை சாய்கோடு போட்டது. முனிசாவுக்கு எல்லாமே அழகாகத் தெரிந்தது. தெரியாதா பின்னே? பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பெருங்கடல்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். ஒரு கடலைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் நாட்டிலிருந்து கடலுக்குப் போக இரண்டு நாட்டைத் தாண்ட வேண்டும். இன்று மாலை விமானம் ஏறினால் லிஸ்பன்... அங்கே அட்லாண்டிக் சமுத்திரம். அவளும் கடலும் மட்டும்!

போன் அடித்தது. அம்மா.

"முனிசா! சுவத்துல மாட்டின ரொட்டியில பல்லு பட்ட அடையாளமே இல்லையேடி! நீ கடிச்ச ரொட்டி எங்கடி?"

முனிசாவின் தொண்டையில் ரொட்டி நின்றது.

தூரப் பயணம் போகிறவர்கள் எங்கள் ஊரில் வாசல் தாண்டும் முன் ஒரு ரொட்டியை ஒரு வாய் கடிப்பார்கள். மீதியைச் சுவரில் மாட்டி வைப்பார்கள். திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். ரொட்டி காத்திருக்கும்வரை ஆள் பத்திரம். முனிசாவின் அம்மா ஒய்ஷா காலையில் அழுத அழுகையில், தாஷ்கந்துச் சித்திக்கு வைத்திருந்த ரொட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, மகள் கடித்ததைப் பையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

முனிசா மேஜையைப் பார்த்தாள். பச்சைப் பை ஒன்று திறந்து கிடந்தது. அவன் கையில் பாதி ரொட்டி. அதன் ஓரத்தில் அழகாய் ஒரு பிறைக் கடி.

"ஐயோ... அது என் பை!"

"இல்லையே, ஸ்டேஷன்ல வாங்கின..." என்று குனிந்தவன் நிமிரவில்லை. அதே போன்ற அவனுடைய பச்சைப் பை இருக்கைக்கு அடியில் சமர்த்தாகக் கிடந்தது.

"கடிச்சிருக்குன்னு கூடவா கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுது... ரொட்டிக்காரம்மா பசியில கடிச்சிருப்பாங்க, பாவம்னு விட்டுட்டேன். மேல்வரிசை ரொம்ப நேரா இருக்கேன்னு கூட நினைச்சேன்..."

"என்னது?"

"பல் டாக்டருங்க. பேரு ஜாவ்லான். பழக்க தோஷம்... மன்னிச்சுக்கோங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நேரமா இது?

போனில் அம்மா விடவில்லை. "என்னடி சத்தம்? யாரு தின்னா?"

"...நானும் ஒரு வாய் தின்னுட்டேம்மா."

"நீயேவா! அப்போ பயணம் முடிஞ்சுபோச்சு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு. மனசே சரியில்ல எனக்கு. கல்யாணம் பண்ணிக்கோ, புருஷனோட போய்ப் பாரு உன் கடலை!"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் முனிசாவுக்குக் காது புளித்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கடைசியாக வந்தவன், "கடல்ல என்ன இருக்கு, தண்ணிதானே" என்றான். அந்தச் சம்பந்தத்தை அன்றே வேண்டாமென்றாள். அம்மாவைச் சம்மதிக்க வைக்க வருஷங்கள் ஆயின. இப்போது ஒரு ரொட்டியால் எல்லாம் போகிறதே... கண் நிறைந்துவிட்டது.

"தனியாவா போறீங்க? அவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்தான் ஜாவ்லான்.

"ஏன்? கடலைப் பார்க்கப் புருஷன் கண்ணு வேணுமா? என் கண்ணு போதாதா?"

"ஐயோ, போதுங்க... தாராளமா போதும்! எனக்கெல்லாம் தாஷ்கந்து போகவே அக்கா கூட வரணும். இன்னிக்குத்தான் முதல் தடவையா தனியா வரேன். அதான் பொறாமையில கேட்டேன்."

முனிசாவுக்குக் கோபம் பாதி வழியில் நின்றுபோனது. அவன் தன் பையிலிருந்து முழு ரொட்டியை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

"கடிங்க."

"எதுக்கு?"

"கிளினிக்குக்குச் சாமான் வாங்கிட்டு மத்தியான ரயில்லயே சமர்கந்து திரும்பிடுவேன். நேரா உங்க வீட்டுக்குப் போய் மாட்டிட்டுத்தான் மறுவேலை. நீங்க பிளேன் ஏறறதுக்குள்ள ரொட்டி சுவத்துல இருக்கும்."

போனையும் அவனே வாங்கிக்கொண்டான்.

"அம்மா, தப்பு என்னோடதுதான்... ஆமாம்மா, பல் டாக்டர்... சியாப் பஜார் பக்கம்மா... இல்லம்மா, இன்னும் ஆகல... அக்காவுக்கு ஆயிடுச்சு, எனக்குத்தான்... ஐயோ, அவங்க பக்கத்துலயே இருக்காங்கம்மா!"

காது இரண்டும் சிவந்துவிட்டன. முனிசா வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் அம்மாவின் குரல் இறங்கி வந்தது. "ரொட்டி வந்து சேரலைன்னா அவ ஏறக்கூடாது. சொல்லிட்டேன்."

தாஷ்கந்து நிலையத்தில் மழை விட்டிருந்தது. அவள் பெட்டியைத் தூக்கக் கை நீட்டியவன், அவள் முறைத்ததும் பின்வாங்கினான்.

"ஒண்ணு கேட்கலாமா? கடல் எப்படி இருந்துச்சுன்னு சொல்றீங்களா... நானும் பார்த்ததில்ல."

ஊரெல்லாம் எப்போது திரும்புவாய் என்றுதான் கேட்டது. இவன் ஒருவன்தான் கடலைக் கேட்டான். முனிசா அவன் போனை வாங்கித் தன் எண்ணைப் பதிந்து கொடுத்தாள். மனசு லேசாகத் தடுக்கியது.

மாலை, விமான நிலையத்தில் காத்திருந்தபோது படம் வந்தது. சுவரில் ரொட்டி, பக்கத்தில் அம்மா, ஓரத்தில் பாதிக் காது. 'போய் வாடி கண்ணு' என்று அம்மாவின் குரல். முனிசா ஏறிவிட்டாள்.

லிஸ்பனில் தினமும் அவனிடமிருந்து ஒரே வரி வந்தது. 'பார்த்தாச்சா?' அவள் வேண்டுமென்றே 'இல்லை' என்று மட்டும் எழுதினாள். தனியாக வந்தவள் தனியாகவே பார்க்க வேண்டும்... இவன் யார், நடுவில்?

மேகம் கலைந்த ஒரு காலை, கடற்கரைக்குப் போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கரும்பலகையில் நீலச் சுண்ணக்கட்டியால் அவள் வரைந்த சமுத்திரம் எதுவும் இப்படிச் சத்தம் போட்டதில்லை. ஓர் அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. உப்புக் காற்றில் வாய்விட்டுச் சிரித்தாள். அழவும் செய்தாள். யாரும் பார்க்கவில்லை, அதுவும் நன்றாக இருந்தது.

அடுத்த நிமிஷம் கை தானாகப் போனைத் தேடியது. அம்மாவை அழைக்கத்தான் எடுத்தாள்... விரல் வேறு பெயரைத் தொட்டது.

"பார்த்துட்டேன்!" என்றாள் மூச்சு வாங்க. "ஜாவ்லான், பார்த்துட்டேன்... பெரிசா இருக்கு, கத்துது, காலை இழுக்குது. தனியா நிக்கணும்னுதான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். நின்னுட்டேன், ஆசை தீர நின்னுட்டேன். ஆனா பார்த்த உடனே உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணிச்சு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. துணைக்காக இல்ல... சும்மாவே பிடிச்சிருக்கு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கடல் மட்டும் இரைந்தது.

"கேட்குதா? ஏதாவது பேசுங்களேன்..."

"அவன் எங்கடி பேசுவான்?" என்றது ஒரு குரல். அம்மா!

"அம்மா? நீயா? அவர் போன்..."

"பல்வலின்னு வரச் சொன்னேன். புலாவ் போட்டுக் குடுத்தேன், தின்னுட்டு இருந்தான். எண்ணெய்க் கையா இருந்தான்னு நான்தான் போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டேன். நீ சொன்னதைக் கேட்டுட்டு இப்போ கண்ணைத் துடைச்சிட்டு உட்கார்ந்திருக்கான். அவனுக்கும் பிடிச்சிருக்காம், தலையை ஆட்டறான். எல்லாம் இருக்கட்டும்டி, பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன்... எனக்கும் கொஞ்சம் அந்தக் கடலைக் காட்டு."