தானாகக் கற்றது

பியானோ ஆசிரியை முதல் நாளிலிருந்தே அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் பார்வை நேராகக் கைகளுக்குப் போனது. அவற்றை மட்டும்தான் உள்ளே வரச்சொன்னது போலிருந்தது.

அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை. விடுதி அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய கீபோர்டில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே வாசிக்கப் பழகியவள். செவ்வியல் இசையை முறையாகக் கற்க வேண்டும் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கிவிட்டாள். வேதியியல் மாணவிக்கு இங்கே இடமில்லை என்றது பல்கலைக்கழக இசைத்துறை. வெளியே பாடம் எடுக்கும் ஒருவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கோணிப்போன விரலை நிமிர்த்துவதைவிடக் குழந்தைக்குச் சொல்லித்தருவது சுலபமாம். அவளைவிடக் கொஞ்சமே மூத்த இந்த ஆசிரியை மட்டும், வாசிக்கக்கூடச் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்.

“நீயா கத்துக்கிட்டது எதுவும் வேண்டாம். அதையெல்லாம் நான் எடுத்துடறேன்” என்றார்.

மாலை வெயில் தரையிலிருந்து மெல்லச் சுவரில் ஏறும் அந்த அறையில், மூடிய ஜன்னல்களின் புழுக்கமும் மெழுகு தேய்த்த மரத்தின் வாசனையும் மூச்சை அடைக்க, ஆசிரியையின் குளிர்ந்த விரல்கள் அவளுடைய மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்ததும், அவள் கனவிலும் வாசித்திராத இசை அவள் கையிலிருந்தே வழிந்தது.

பிறகு ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. எப்படிப் போடுவதென்றுதான் தெரியவில்லை. அறைத்தோழி சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். சில நாள் கழித்து ஆய்வகத்தில் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். சொந்தப் பெயரை எழுத வரவில்லை. தோழி இந்த முறை சிரிக்கவில்லை. இனிமேல் அந்த வீட்டுப் பக்கமே போகாதே என்றாள்.

போகாமல்? வேறு யார் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்?

போனாள். பியானோ முன் உட்கார்ந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “பொத்தான் போடக்கூட வரல, மேடம்.”

“அதுவும் நீயா கத்துக்கிட்டதுதானே?”

குரலில் கோபமே இல்லை. எழுந்து ஓடிவிட நினைத்தாள். எழுவது எப்படி? யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. நடப்பது எப்படி? அதுவும் வரவில்லை.

ஆசிரியை குனிந்து அவளுடைய மார்பருகே காதை வைத்தார். நெடுநேரம் கேட்டார்.

“மூச்சு தப்பா இருக்கே. யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாரும்... இல்ல.”

“அதான். நான் தலையாட்டினா எடு. அதுவரைக்கும் இரு.”

பியானோவை மூடினார். விளக்கை அணைத்தார். உள்ளே போனார்.

சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். ஆசிரியை சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவசரமில்லாமல்.

இருட்டில் அவள் காத்திருந்தாள். முதுகு நேராக. கைகள் மடியில், கற்றுக்கொடுத்தபடி. பிதுங்கத் தொடங்கிய கண்கள் கதவின் மேலேயே.

மார்பு அசையவில்லை.