நூல் இல்லாத மணி

நத்தார் முடிந்து நான்காம் நாள். தேற்றாத்தீவில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேனுகா வீட்டு விறாந்தையில், மணல் வாளியில் கிறிஸ்மஸ் மரமாக நட்டிருந்த சவுக்கு நன்றாகக் காய்ந்துவிட்டது. தொட்டால் போதும், ஊசி இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"மேனுகா, மரத்தில கிடக்கிறதெல்லாம் கழட்டிப் பெட்டியில வை புள்ள. இந்த மழைக்குள்ள அடுப்புக்கு நல்ல விறகு" என்றார் அம்மா.

மேனுகா கழற்றிக் கொடுத்தாள். தம்பி ஜெரோஷன் வாங்கி அடுக்கினான். சிவப்பு மணி, நீல மணி, காது உடைந்த ஆட்டுக்குட்டி. கடைசியில் ஒரு கொப்பின் அடியில் சின்ன வெள்ளி மணி.

கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். அந்த மணிக்கு நூலே இல்லை!

அது கண்ணாடிபோல் மின்னியது. கிட்டப் போனால் அவள் மூக்கு அதில் கோணலாகத் தெரிந்தது.

"இது நம்மட இல்லடா" என்றாள்.

அப்போது அந்த மணி மெல்ல நெளிந்தது.

"அக்கா, உயிரோட கிடக்கு!" என்று ஜெரோஷன் இரண்டடி பின்னால் பாய்ந்தான்.

மேனுகாவுக்குச் சுற்றாடல் புத்தகத்தில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. கூட்டுப்புழு! பக்கத்துப் பூச்சட்டியில் நின்ற அலரிச் செடியில் இருந்துதான் புழு ஊர்ந்து வந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, அந்த மரத்தில வண்ணத்துப்பூச்சி வரப்போகுது. எரிக்க வேணாம்!"

"பூச்சிக்காக மரத்தை எத்தினை நாள் வெச்சிருக்க?"

மேனுகா யோசித்தாள். "மரம் முழுக்க வேணாம்மா. அந்த ஒரு கொப்பு மட்டும் காணும்."

அம்மா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். மேனுகா மூச்சை அடக்கிக் கொப்பை வெட்டி, விறாந்தையில் உடுப்புக் காயப்போடும் கொடியில் கட்டினாள்.

"ஆரும் தொடப்படாது" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை, ஜெரோஷன் அவளை உலுக்கி எழுப்பினான். வெள்ளிக் கூடு கறுத்துப்போயிருந்தது.

"செத்துப்போச்சா அக்கா? நேத்து நான் தொட்டுப் பாத்தனான். ஒரு விரலாலதான்."

மேனுகாவுக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. ஆனால் அவன் அந்த விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஒரு விரலுக்கு ஒண்டும் ஆகாது. வா, கிட்டப் போய்ப் பாப்பம்" என்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

கிட்டப் பார்த்தார்கள். கூடு கறுக்கவில்லை. அது தெளிந்த கண்ணாடியாக மாறியிருந்தது! கறுப்பாகத் தெரிந்தது உள்ளே மடித்து வைத்திருந்த சிறகு. அதன் ஓரமாக வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நின்றன.

கூடு வெடித்தது. ஒரு கால் வந்தது. பிறகு தலை. நனைந்த கடதாசிபோல் கசங்கிய சிறகோடு ஒரு சின்ன உயிர் வெளியே வந்து, வெறுங்கூட்டைப் பிடித்துத் தொங்கியது.

"பாவம். சிறகை இழுத்து விரிச்சு விடுவமா?" என்றான் ஜெரோஷன்.

"வேணாம். அதுட வேலைய அதுவே செய்யட்டும்."

திடீரென்று கடல் பக்கமிருந்து காற்று வீசியது. மழைச் சாரல் விறாந்தைக்குள் அடித்தது. இப்போது கொப்பை அசைத்தால் அது விழுந்துவிடும். மேனுகா ஓடிப்போய்த் தன் பள்ளிக்கூடக் குடையை எடுத்து வந்து, சாரலுக்கு எதிரே விரித்துப் பிடித்தாள்.

கை கடுத்தது. மற்றக் கைக்கு மாற்றினாள். குடைக்கு வெளியே நின்றதால் அவள் முதுகு தெப்பமாக நனைந்தது.

"என்ன புள்ள இது, வீட்டுக்குள்ள குடை?" என்று கேட்டபடி அகப்பையோடு வந்த அம்மா, பூச்சியைக் கண்டு அப்படியே நின்றார்.

கசங்கிய சிறகு மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கரும்பட்டில் வெள்ளைப் பொட்டு வைத்தாற்போல் அது விரிந்தது. சோற்றுப் பானை பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அம்மா அசையவில்லை.

மழை விட்டது. வண்ணத்துப்பூச்சி சிறகை ஒருமுறை திறந்தது, மூடியது. பிறகு எழும்பி, கூரையைத் தாண்டி வாவிப் பக்கமாகப் போனது.

மூவரும் அது போன திசையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அக்கா" என்று ஜெரோஷன் மெதுவாகக் கேட்டான். "அதுக்குப் பறக்க ஆர் சொல்லிக் குடுத்த?"

மேனுகா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேனுகாவைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள்.